இருபத்தேழாம் நம்பர் அச்சு

என் வேலை குற்றம் கண்டுபிடிப்பது. குப்பத்தில் முதன்முதலாக இதைச் சொன்னபோது குழாயடியில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அதுக்கு சம்பளம் வேற குடுக்குறாங்களா? நாங்கல்லாம் சும்மாவே செஞ்சிகினு கீறோமே" என்றாள் ஒருத்தி. நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போது அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

பழவேற்காடு ஏரிக்குத் தெற்கே, பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிறது நான் வேலை செய்யும் தொழிற்சாலை. இரும்புக் குழாய்களை ஒன்றோடு ஒன்று பற்றவைத்து வெளியே அனுப்புகிற இடம். அங்கே நான் வெல்டிங் தர ஆய்வாளர். கையில் ஒரு டார்ச். பல் டாக்டர் வைத்திருப்பதுபோல நீளக் காம்பில் ஒரு சின்னக் கண்ணாடி. பற்றவைப்பு எவ்வளவு உயரம், எவ்வளவு பள்ளம் என்று அளக்க ஒரு கேஜ். இவற்றோடு குழாய் குழாயாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போவேன். சரியாக இருந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால் மஞ்சள் மார்க்கரால் ஒரு வட்டம். வட்டம் போட்ட இடத்தை அரைத்து எடுத்துவிட்டு மறுபடி பற்றவைக்க வேண்டும். அதனால் வெல்டர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. முதுகுக்குப் பின்னால் 'மஞ்சக் காமாலை' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் அதைக் கேட்டுக் கோபப்பட்டதில்லை. பொருத்தமான பெயர்தான்.

என் அண்ணன் மட்டும் வேறு பெயர் வைத்திருந்தான். "எங்க வூட்டு எக்ஸ்ரே" என்பான். அவனும் அங்கேதான் வெல்டர். எனக்கு ஆறு வருடம் முன்னால் சேர்ந்தவன். ஐடிஐ முடித்துவிட்டு குப்பத்திலிருந்து அந்த கேட்டுக்குள் முதலில் போனவர்கள் இரண்டு பேர். ஒருவன் அண்ணன். இன்னொருவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர், உறவு முறையில் எனக்கு மாமா. இரண்டு பேரும் ஒரே பைக்கில் வேலைக்குப் போய் ஒரே பைக்கில் திரும்புவார்கள். சாப்பாட்டு டப்பாவைக்கூட மாற்றி மாற்றித்தான் திறப்பார்கள்.

நல்ல பற்றவைப்பு மீன் செதில் மாதிரி இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, ஒரே அகலத்தில், ஒரே இடைவெளியில். ஆனால் எல்லார் செதிலும் ஒன்றல்ல. கையெழுத்து எப்படி ஆளுக்கு ஆள் மாறுமோ அப்படி இதுவும் மாறும். அண்ணன் கை அவசரக் கை. செதில் கொஞ்சம் நீளமாக விழும். மாமா இடதுகைக்காரர். குழாயின் அடியில் தொடங்கி இரண்டு பக்கமும் மேலேற்றி உச்சியில் கொண்டுவந்து சேர்ப்பார்கள் இல்லையா, அந்தச் சேருமிடம் மற்றவர்களுக்கு ஒரு பக்கம் விழுந்தால் மாமாவுக்கு மறுபக்கம் விழும். செதிலும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். கண்ணைக் கட்டிவிட்டு விரலை வைத்துத் தடவச் சொன்னாலும் இது மாமா கை என்று சொல்லிவிடுவேன். இந்தத் திமிர் எனக்கு இருந்தது. இருந்தது என்று சொல்வதில் இப்போது வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் அச்சு கொடுப்பார்கள். விரல் நீள எஃகுத் துண்டு, நுனியில் அவருடைய நம்பர் வெட்டியிருக்கும். ஜாயின்ட்டை முடித்ததும் பக்கத்தில் அதை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு. நம்பர் இரும்பில் பதிந்துவிடும். அண்ணனுடையது இருபத்தேழு. அந்த ஜாயின்ட் எந்த நாட்டில், எந்தக் கடலுக்கடியில் கிடந்தாலும் அது இருபத்தேழு போட்டது. நாளைக்கு அது பிளந்தால் இருபத்தேழு போட்ட அத்தனை ஜாயின்ட்டையும் தோண்டிப் பார்ப்பார்கள். அதனால் நம்பர் பொய் சொல்லக் கூடாது. இந்த விதி சரி என்றுதான் இன்றும் சொல்வேன். இதில் எனக்கு மனமாற்றம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இனி ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது யாருக்கும் புரியாது. பின்னால் மேனேஜர் அறையில் புரியாமல் போனதும் இதுதான்.

ஏரியில் இறால் கூடி வரும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் யார் வலையிலும் ஒன்றும் இருக்காது. அதனால் எங்கள் குப்பத்தில் முறை வைத்திருக்கிறார்கள். இன்ன நாள், இன்ன இடம், இன்னார் என்று அம்மன் கோயில் முன்னால் உட்கார்ந்து பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு பாடு உண்டு. அண்ணனும் மாமாவும் தொழிற்சாலைக்குப் போனாலும் பாட்டை விடவில்லை. பாடு வருகிற நாளில் லீவு போட்டுவிட்டு ஏரியில் இருப்பார்கள். பாட்டு நாளில் ஒருவன் படுக்கையில் கிடந்தால் அவன் பாடு வீணாகாது. இன்னொருவன் அவன் வலையை எடுத்துக்கொண்டு போய், அவன் பெயரில் கட்டி, பிடிபட்டதை அவன் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைப்பான். போனவனுக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது. நன்றி சொல்வதும் கிடையாது. யாராவது நன்றி சொன்னால் எங்கள் ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

நான் ஏழாவது படிக்கும்போது என் அப்பாவுக்கு, எங்கள் வழக்கில் நைனாவுக்கு, கால் முறிந்தது. படகை மேட்டில் ஏற்றும்போது நழுவி அவர் மேலேயே உட்கார்ந்துவிட்டது. ஒரு பருவம் முழுக்கக் கட்டிலில் கிடந்தார். அந்தப் பருவம் முழுக்க அவருடைய பாட்டு நாளில் எங்கள் வாசலுக்குக் கூடை வந்தது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஆள். கூடையை வைத்துவிட்டு, "ஒன் பாடு, பாத்துக்கோ" என்று உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதைத் தின்றுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். பிடித்தது ஒருவர், பெயர் நைனாவுடையது. அது பொய் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

பத்தாவதுக்குப் பிறகு என்னை வீட்டில் நிறுத்துவதாகத்தான் இருந்தார்கள். அண்ணன்தான் நைனாவிடம் சண்டை போட்டான். "எனக்குப் பாடு கீது. நாளைக்கு ஏதுனா ஆச்சினா நாலு பேரு போவாங்க. அவளுக்கு இன்னா கீது? படிப்பாவது இருக்கட்டும்" என்றான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்த்துவிட்டதும் அவன்தான். வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள். முதல் நாள் வாசலில் நின்று, "யார்னா எதுனா சொன்னா, நீ அழுவாத. திரும்பி நல்லா கேளு" என்றான். நான் நன்றாகத்தான் கேட்டேன். எல்லாரையும் கேட்டேன். கேட்க வேண்டிய ஒரு நாளில் அவனை மட்டும் கேட்கவில்லை.

படித்து முடித்து, ஆய்வாளர் பரீட்சை எழுதி, அவன் வேலை செய்யும் இடத்துக்கே ஆய்வாளராக வந்தேன். முதல் மாதமே அண்ணன் போட்ட ஜாயின்ட்டில் மஞ்சள் வட்டம் போட்டேன். ஓரத்தில் மயிரிழைப் பள்ளம். அவன் வந்து பார்த்துவிட்டு, "அடிப்பாவி, வூட்ல வந்து சோறு கேளு, சொல்றேன்" என்று சொல்லிவிட்டு கிரைண்டரை எடுத்தான். அன்று சாயங்காலம் பழவேற்காடு பஸ் நிறுத்தத்தில் எனக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். பெருமையில் வாங்கிக் கொடுத்தான் என்று மாமா பிறகு சொன்னார்.

கல்யாணமாகி நான் பொன்னேரிக்குக் குடிபோன பிறகு குப்பத்துக்கு வருவது குறைந்தது. தொழிற்சாலையில் அண்ணனைப் பார்த்தாலும் தலையில் முகமூடியோடுதான் பார்ப்பேன். கையை ஆட்டுவான், நானும் ஆட்டுவேன். சர்க்கரை இருப்பது தெரியும். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்பேன். "சாப்ட்டு சாப்ட்டு அலுத்துப் போச்சி" என்பான். கண்ணைப் பற்றி அவனும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது ஜாயின்ட்டை உற்றுப் பார்த்தவளுக்கு அண்ணன் முகத்தை உற்றுப் பார்க்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில் கேன்டீனில் ஒரு பேச்சு கிளம்பியது. தூணுக்கு அந்தப் பக்கம் நான் இருப்பது தெரியாமல் ஒருவன் சொன்னான். "இருபத்தேழுக்கு இன்னா கவலை? தங்கச்சி கண்ண மூடிகினு கையெழுத்து போட்டுடும்." இரண்டு பேர் சிரித்தார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனேன். என் வேலையில் கெட்ட பெயர் என்றால் இது ஒன்றுதான். இதைத் தவிர எதை வேண்டுமானாலும் சொல்லட்டும்.

மறுவாரம் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஓர் ஆய்வாளர் வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று காலையிலேயே இறங்கினேன். வரிசையில் ஆறு ஜாயின்ட். எல்லாவற்றிலும் இருபத்தேழு பதிந்திருந்தது. டார்ச்சை அடித்தேன். செதில் குட்டையாக, நெருக்கமாக, எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. சேருமிடம் மறுபக்கம். கண்ணாடியை விட்டு அடியில் பார்த்தேன். விரலால் தடவினேன். சந்தேகமே இல்லை, மாமா கை. ஆறும் மாமா கை.

குறை எதுவும் இல்லை. சொல்லப்போனால் அந்த மாதம் நான் பார்த்ததிலேயே அழகான ஜாயின்ட்டுகள் அவைதான். ஆனால் நம்பர் பொய்.

அண்ணன் ஐம்பதடி தள்ளி, தரையில் உட்கார்ந்து ஒரு குழாயின் வாயைத் தேய்த்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். அது உதவியாளர் செய்யும் வேலை. தேர்ந்த வெல்டர் அதைச் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு ஆத்திரத்தைத்தான் கிளப்பியது. வேலையை மாமா தலையில் கட்டிவிட்டுச் சுகமாக உட்கார்ந்திருக்கிறான், என்னைக் கேவலப்படுத்துகிறான், கேன்டீனில் சொன்னது சரியென்று ஆக்குகிறான் என்று நினைத்தேன். ஐம்பதடி. நடந்துபோய், "என்னண்ணா இது?" என்று கேட்டிருக்கலாம். நான் திரும்பி ஆபீசுக்கு நடந்தேன். பத்து நிமிடத்தில் குறைபாட்டு அறிக்கை எழுதி முடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஓர் அறிக்கையை நான் எழுதியதில்லை. உறவினர் என்பதால் மறைக்கவில்லை என்று தெரியட்டும் என்றே, 'மேற்படி வெல்டர் என் உடன்பிறந்தவர்' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரிக்காகத்தான் அறிக்கையையே எழுதினேனோ என்று இப்போது தோன்றுகிறது.

அன்று மதியமே விசாரணை. மேனேஜர் அறையில் அண்ணனும் மாமாவும் நின்றார்கள். நான் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் நிற்க நான் உட்கார்ந்திருந்ததை மறக்க முடியவில்லை. மேனேஜர் வெளியூர்க்காரர், நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். "இந்த ஆறும் யார் போட்டது?" என்று கேட்டார்.

"நான்தான் சார் போட்டேன்" என்றார் மாமா உடனே. மறைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. "அவன் பாடு, நான் போனேன். அவன் நம்பர்ல அவன் பேருக்கு அடிச்சேன். வேலை சுத்தமா கீது, பாத்துக்கோங்க. இதுல இன்னா சார் தப்பு?"

மேனேஜருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். "என்ன சொல்றார் இவர்?"

அந்த அறையில் அதைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் நான். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே முழுதும் விளங்கிவிட்டது. ஒருவன் படுக்கையில் கிடக்கிறான் என்றால்தான் இன்னொருவன் அவன் பாட்டுக்குப் போவான். அப்படியென்றால் அண்ணனுக்கு ஏதோ இருக்கிறது. அதை நான் சொல்லியிருக்கலாம். "சார், எங்க ஊர்ல ஒரு முறை இருக்கு. முடியாதவனுக்காக இன்னொருத்தன் செய்றது. ஏமாத்தணும்னு செய்யல. இவருக்கு என்ன பிரச்சினைன்னு முதல்ல கேளுங்க." நாலே வாக்கியம். சொன்னால் தங்கை சப்பைக்கட்டு கட்டுகிறாள் என்பார்கள் என்று பயந்தேன்.

"ஒண்ணுமில்ல சார். ஊர்ப் பேச்சு" என்றேன்.

அண்ணன் தலையைத் தூக்கி என் குரல் வந்த பக்கம் பார்த்தான். மாமா அவன் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப்போனார். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நடந்தான். அதையும் நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விசாரணை முடியும்வரை இரண்டு பேரும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆறு ஜாயின்ட்டையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஃபிலிமை விளக்குப் பலகையில் வைத்துப் பார்த்தது நான்தான். ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை. ஆனாலும் விதி விதிதான். நம்பரை மாற்றி அடித்ததற்காக இருவரையும் வேலையை விட்டு நீக்குவது என்று முடிவானது. முடிவு வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் நான் குப்பத்துப் பக்கம் போகவில்லை. போனால் அண்ணன் திட்டுவான் என்று பயந்தேன். திட்டாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பயந்தேன். போன் பண்ணினேன், அண்ணி எடுத்து "தூங்குறாரு" என்று வைத்துவிட்டாள். மூன்றாவது முறைக்குப் பிறகு நானும் விட்டுவிட்டேன்.

கணக்கு முடிக்கிற அன்று அண்ணன் வந்தான். அச்சைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை வாங்கிக்கொண்டு ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவது ஆய்வுப் பிரிவின் வேலை, அதாவது என் வேலை. வேறு யாரையாவது வாங்கச் சொல்லியிருக்கலாம். ஒளிந்துகொள்வது கேவலம் என்று நானே உட்கார்ந்தேன். நல்ல பகல், பதினொரு மணி இருக்கும், ஜன்னல் முழுக்க வெயில். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். மெலிந்திருந்தான். சட்டைப்பையிலிருந்து அச்சை எடுத்து மேசைமேல் வைத்தான். மேசை எங்கே முடிகிறது என்று முதலில் விரலால் பார்த்துவிட்டுத்தான் வைத்தான்.

நான் ரிஜிஸ்டரைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினேன். பேனாவைக் கொடுத்தேன். அவன் குனிந்தான். இன்னும் குனிந்தான். மூக்கு தாளில் படுகிற அளவுக்குக் குனிந்தான். பேனா முனை தாளின் மேல் அங்கும் இங்கும் அலைந்தது.

"எங்கம்மா போடணும்?" என்றான்.

நான் எழுந்துபோய் அவன் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின் மேல் வைத்தேன். அவன் கையெழுத்துப் போட்டான். கோட்டுக்கு மேலே ஏறி, அடுத்தவர் பெயரின் மேல் போய் முடிந்தது. "சரியா கீதா?" என்று கேட்டான். சரியாக இருக்கிறது என்றேன். 'ஊர்ப் பேச்சு' என்றதற்குப் பிறகு, என் வேலையில் தெரிந்தே நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

வராந்தாவில் அண்ணியைப் பிடித்துக் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ஆறு மாதமாகக் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. பெரிய வேலைகளை எப்படியோ தடவித் தடவிச் செய்திருக்கிறான், நுணுக்கமான ஜாயின்ட் முடியவில்லை. சென்னையில் டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார். வேலையில் இருந்தால்தான் மருத்துவ அட்டை செல்லும். "இன்னும் அஞ்சி வாரம்தான், ஒன் பாடெல்லாம் நான் பாத்துக்குறேன்னு அவரு சொன்னாரு" என்றாள், மாமாவைக் குறிப்பிட்டு. அட்டையை விசாரணையின்போதே நிறுத்திவிட்டார்கள். குறித்த நாள் அந்த இரண்டு மாதத்துக்குள் வந்து போய்விட்டது.

"எங்கிட்ட ஏன் சொல்லல அண்ணி?" என்றேன்.

"நான் சொல்லலாம்னுதான் சொன்னேன். ஒங்கண்ணன்தான் வேணாம்னாரு. அவகிட்ட சொன்னா அவ எனக்காவ பொய் சொல்லணும், அவ வேலை அது இல்லனு சொல்லிட்டாரு."

மறுநாளே நான் லீவு போட்டு அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு முறை ஆபரேஷன் நடந்தது. கண்ணின் உள்திரை பிரிந்துவிட்டிருந்தது. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்றார் டாக்டர். எல்லா டாக்டரும் எல்லாரிடமும் சொல்வதுதான் அது என்று என் கணவர் ஆறுதல் சொன்னார். இருக்கலாம். எனக்கு அப்படி விட முடியவில்லை. இப்போது அண்ணனுக்குப் பகலா இரவா என்பது தெரியும். ஜன்னல் எங்கே இருக்கிறது என்பது தெரியும். அவ்வளவுதான்.

மாமா ஏரிக்கே திரும்பிவிட்டார். அவருக்கு என்மேல் கோபம் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. எதிரில் பார்த்தால், "இன்னாம்மா, எப்ப வந்த?" என்பார். பதிலுக்கு நிற்க மாட்டார்.

போன மாசியில் குப்பத்தில் பாடு பிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, நான் வந்திருந்தேன். கோயில் முன்னால் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனையும் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார்கள். எனக்குப் பாடு கிடையாது, நான் பெண்களோடு கிணற்றடியில் நின்றேன். பெயர்களை வாசித்தார்கள். அண்ணன் பெயர் வந்தது.

"கீறேன்" என்றான் அண்ணன், குரல் வந்த பக்கம் பார்த்து.

மாமா எழுந்து நின்றார். "அவனுக்குக் கண்ணு தெர்ல. அவன் பாடு நான் போறேன்" என்றார். ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "சரி" என்று நாலைந்து பேர் சொன்னார்கள். அடுத்த பெயரை வாசித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதே வார்த்தைகளைத்தான் அந்த மனிதர் மேனேஜர் முன்னாலும் சொன்னார். இங்கே அதற்கு 'சரி' என்று சொல்ல ஆள் இருந்தார்கள். அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன்.

அந்தப் பாட்டு நாளுக்கு லீவு போட்டுவிட்டு முந்தின நாளே வந்துவிட்டேன். வெயில் ஏறும் நேரத்தில் மாமா வந்தார். கூடையை வாசலில் இறக்கினார். "ஒன் பாடு, பாத்துக்கோ" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார், பிறகு வழக்கம்போலப் போய்விட்டார். இருபது வருடத்துக்கு முன்னால் நைனாவின் கட்டிலுக்குக் கேட்ட அதே வார்த்தைகள்தான்.

அண்ணன் தடவிக்கொண்டே வாசலுக்கு வந்து கூடை முன்னால் குந்தினான். இரண்டு கையையும் உள்ளே விட்டான். விரலால் நீளம் பார்த்துப் பார்த்துப் பெரிய இறாலை ஒரு பக்கம், சின்னதை ஒரு பக்கம் போட்டான். ஒன்றுகூடத் தவறவில்லை. பெரியதில் ஒரு கை அள்ளி, "இந்தா, இது ஒனக்கு. பொன்னேரிக்கு எடுத்துகினு போ" என்று நீட்டினான். நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஆளில்லாத பக்கம் நீட்டினான்.

நான் நகர்ந்துபோய் அவன் கைக்கு நேரே உட்கார்ந்தேன். வாங்கிக்கொள்ள முடியவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "மன்னிச்சிடுண்ணா. ஏண்ணா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்பதுதான் வந்தது.

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இறாலும் கீழே விழவில்லை.

"நானா வந்து சொல்லக் கூடாதுமா. சொன்னா ஒனக்குத் தொல்லை" என்றான். "ஆனா அன்னிக்கி நீ டார்ச் அடிச்சிப் பாத்துகினு இருந்த இல்ல, எனக்கு உருவம் தெர்ல, வெளிச்சம் மட்டும் தெரிஞ்சுது. நீதான்னு தெரிஞ்சுது. ஒவ்வொரு ஜாயின்ட்டா வெளிச்சம் நவுந்துகினே வந்துது. ஆறாவதுல நின்னுது. கண்டுபுடிச்சிட்டா, இப்ப வந்து கேப்பானு கையில இருந்த வேலைய கீழ வெச்சிட்டு உக்காந்துகினு இருந்தேன். நீ கேட்டிருந்தா மறைச்சிருக்க மாட்டேன்."

அண்ணி உள்ளேயிருந்து பாத்திரம் கேட்டுக் குரல் கொடுத்தாள். அவன் இறாலை என் மடியில் போட்டுவிட்டு மறுபடி கூடைக்குள் கையை விட்டான்.